பந்திக்கு முன்னால் உட்கார்ந்தவள்

கருப்பம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேடையேறிப் பேச வராது. கோஷம் போடும்போதுகூட வாய் அசையும், சத்தம் வெளியே வராது. அவளுக்கு வந்ததெல்லாம் சோளக்கஞ்சி காய்ச்ச. அந்தக் கஞ்சி இல்லையென்றால் ஐம்பத்தேழாம் வருஷத்து வேலைநிறுத்தம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. இதை எந்த மேடையிலும் நான் சொல்லத் தயார்.

திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கி, இலையைப் பதப்படுத்திச் சேர்த்துவைக்கிற கிடங்கு. பெயர் வேண்டாம். அங்கே அவளுக்கு நரம்பு கிழிக்கிற வேலை. காய்ந்த இலையின் நடுநரம்பை உருவி எறிய வேண்டும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதுதான். சாணார்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து தினமும் வருவாள். ஊரிலிருந்து என்று சொல்வது தப்பு. ஊருக்கு வெளியே, கீழத்தெருவிலிருந்து. அவளுடைய சாதிப் பெயரை எழுத மாட்டேன். எழுதி எழுதித்தான் அது இன்னும் செத்துப்போகாமல் இருக்கிறது. ஊர்க் கிணற்றில் அவள் வாளி இறங்காது என்றால் உங்களுக்குப் புரியும்.

நான் அந்தச் சங்கத்துக்கு வெளியிலிருந்து வந்த அமைப்பாளன். கிட்டங்கித் தொழிலாளி இல்லை. விதிப்படி எனக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, ஓட்டு கிடையாது.

வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காக. கிட்டங்கி வாசலில் ஓலைப்பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முதலாளி சும்மா இருப்பாரா? வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்குச் சங்கத் தலைவர் பெருமாள்சாமி வாசலுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தார். கன்னிவாடிப் பக்கத்து நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை, ஆறடி ஆள்.

"என்னியத் தாண்டிட்டுப் போறவன் அவனவன் ஆத்தாளத் தாண்டிட்டுப் போறான்!" என்றார்.

ஒருத்தனும் தாண்டவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது. அன்று சாயங்காலம் எல்லாரும் ஆளுக்கொரு புகையிலையைக் கையில் வைத்துச் சத்தியம் செய்தார்கள். மறியலுக்கு உட்கார்ந்திருப்பது ஒரே ஒருத்தராக இருந்தாலும் தாண்ட மாட்டோம். யார் உட்கார்ந்தாலும், எதற்காக உட்கார்ந்தாலும். கோயில் கற்பூரத்தின் மேல் செய்திருந்தால் மறந்திருப்பார்கள். புகையிலை அவர்களுக்குச் சோறு. மறக்கவில்லை.

அந்தப் பந்தலில் கஞ்சி காய்ச்சியவள் கருப்பம்மாள். யாரும் நியமிக்கவில்லை. முதல் நாளே மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றிவிட்டாள். யார் காய்ச்சியது என்று ஒரு வாயும் கேட்கவில்லை.

"இன்னொரு கரண்டி ஊத்து கருப்பம்மா," என்பார் பெருமாள்சாமி.

"கஞ்சியத்தான கேக்குறீக? செத்தப் பொறுங்க தலைவரே. நம்ம ஜெயிச்சா ஒரு நாளைக்கு நெல்லுச்சோறும் கறிக்கொழம்பும் இதே கையால ஆக்கிப் போடுறேன்."

"யக்கா, எனக்கு நெஞ்செலும்பு!" என்று கத்துவாள் ஆரோக்கியம்மாள். இவளும் நரம்பு கிழிக்கிறவள்தான். வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள், நாக்கு மட்டும் வாரம் முழுக்கச் சுடும்.

"ஒனக்கு வாலு," என்பாள் கருப்பம்மாள். பந்தலே சிரிக்கும். தினமும் இதே பேச்சு, தினமும் இதே சிரிப்பு. வயிறு காலியாக இருக்கிற ஆட்களுக்கு அந்தக் கறிக்குழம்பு கண்ணுக்கு முன்னால் கொதிக்கும்.

அப்படி ஒரு நாள் முத்துப்பேச்சிக்குப் பந்தலிலேயே வலி எடுத்துவிட்டது. மூட்டை தூக்குகிற ஒச்சப்பனின் பெண்சாதி அவள். தலைச்சன் பிள்ளை. வண்டி வருவதற்குள் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவள் கருப்பம்மாள். நரம்பு கிழிக்கிற கத்தியைக் கஞ்சி அடுப்பில் காட்டித் தொப்புள்கொடியை அறுத்தாள். பெண் பிள்ளை. அந்த வாரமே முதலாளி இறங்கி வந்தார். பிள்ளைக்கு ஜெயக்கொடி என்று சங்கமே பெயர் வைத்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் முதலாளி மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. மதுரையிலிருந்து கேக்கு, பேண்டு வாத்தியம், வாசல் நிறையக் கார். எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். ஆரோக்கியம்மாள் மிட்டாயை வாயில் போட்டுக் கடித்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

"இவுக மகன் மட்டுந்தான் பொறந்தானா? நம்ம புள்ள பந்தல்ல பொறந்தாளே, அவ முளைச்சு வந்தாளா? ஆனியில அவளுக்கும் வருசம் திரும்புது. நம்மளும் போடுவோம் பந்தி!"

சங்கம் பிடித்துக்கொண்டது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும், குலசாமி வேண்டும், சாதிசனம் வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு சடங்கும் கிடையாது, எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை கொண்டாடியதும் கிடையாது. சாதி ஒட்டாத விசேஷம் இது ஒன்றுதான் என்று நினைத்தோம். என்ன நினைப்பு!

சாப்பாட்டை முடிவுசெய்யக் கூட்டம் கூடியது. கூலிக்குக்கூட அவ்வளவு ஆள் வந்ததில்லை. சங்கக் கொட்டகையில் உட்கார இடமில்லை. வெளியே ஆனிக்காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"பிரியாணி போடுவோம் தலைவரே," என்றான் சுருளிவேல். மூட்டை கட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், எதற்கும் அவசரப்படுகிறவன். "பேகம்பூர்ல கல்யாணத்துல தின்னேன். மூணு நாளைக்குக் கையில வாசம் போகல."

"நீ கை கழுவியிருக்க மாட்ட," என்றாள் ஆரோக்கியம்மாள். "சோறு, கொழம்பு, ரசம், வெஞ்சனம் ரெண்டு. கத்திரிக்காயும் உருளக்கெழங்கும்."

"உருளக்கெழங்கா? வாயு!"

"ஒனக்கு எதத் தின்னாலும் வாயுதான்."

"கேக்கு வெட்டணும்ல?"

"அதுல முட்ட போடுவாகளாம். எங்க வீட்ல திங்க மாட்டாக."

"திங்காட்டி எனக்குக் குடு."

இப்படியே ஒரு மணி நேரம். திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். நான் கற்றுக்கொடுத்த கூட்டமுறையைக் கத்திரிக்காய்க்குப் பயன்படுத்தினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் எழுந்தாள். சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"கறியும் சோறும்," என்றாள். "போன வருசமே சொல்லிருக்கேன்ல. நான் ஆக்குறேன்."

அவ்வளவு சத்தமும் நின்றது. தகரம் மட்டும் அடித்துக்கொண்டது. எனக்கு முதலில் புரியவில்லை. யாராவது கை தட்டுவார்கள், ஆரோக்கியம்மாள் நெஞ்செலும்பு கேட்பாள் என்று பார்த்தேன். ஆரோக்கியம்மாள் முந்தானையை விரலில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பேசியவள் முத்துப்பேச்சி. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். மடியில் பிள்ளை.

"எங்க அத்த வருவாக. ஊர்ச்சனம் வருவாக. அதனால... சமையக்காரர் ஒருத்தர வச்சுக்கிட்டா... எல்லாரும் கை நனைப்பாக."

யார் கையில் பிறந்த பிள்ளை அது! நான் கத்தினேன்.

"போன வருஷம் குடிச்சீங்களே, அது யார் காய்ச்சுன கஞ்சி? ஊருக்குள்ள இருந்தா வந்துச்சு?"

"தோழர், கோவப்படாதீக," என்றார் பெருமாள்சாமி. நிதானமாகச் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். "கஞ்சி பசிக்குக் குடிச்சது. பந்தி அப்பிடியா? எல போட்டா நாலு பேரு பாப்பாக. யாரும் கருப்பம்மாளக் கொறச்சுச் சொல்லல. தாடிக்கொம்புல ஒரு சமையக்காரர் இருக்காரு, கோயில் திருநாளுக்கு ஆக்குறவரு. சைவமா முடிச்சிருவோம். பொதுவாப் போகும். ஆதரிக்கிறவுக கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒவ்வொன்றாக, முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போயின. சுருளிவேல் தூக்கினான். ஆரோக்கியம்மாள் பாதி தூக்கினாள், அதுவும் கணக்குத்தான். நான் சுவரோரம் பார்த்தேன். கருப்பம்மாளின் கையும் மேலே இருந்தது.

ஜெயிலுக்குப் போயிருக்கிறேன். தடியடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்தபோது விழுந்த அடி வேறு.

"ஏகமனதா நிறைவேறுச்சு," என்றார் பெருமாள்சாமி. அதோடு நிற்கவில்லை. வேலை பிரித்தார். சுருளிவேல் தண்ணீர், ஆரோக்கியம்மாள் இலை. "கருப்பம்மா, நீ எல்லாரும் சாப்ட்ட எலைய எடுத்துப் போட்டுரு."

"சரிங்க தலைவரே," என்றாள்.

கூட்டம் கலைந்ததும் ரோட்டில் அவளைப் பிடித்தேன். "நீ எதுக்கும்மா கை தூக்குன? உனக்கு எதிரான தீர்மானம் அது. புரியலையா?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "புரியாம என்ன தோழர்? எல்லாரும் தூக்குனாக. நான் ஒருத்தி தூக்காம இருந்தா, சங்கம் ரெண்டாப் போச்சுன்னு மொதலாளிக்குச் சேதி போயிராது? சோத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டாங்கன்னு சிரிக்க மாட்டாரா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குப் பந்தி?"

"பன்னெண்டுக்கு."

"சரி," என்று போய்விட்டாள். இலை எடுக்கத்தான் மணி கேட்கிறாள் என்று நினைத்து நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் சாம்பார் மணத்தது. தாடிக்கொம்பு சமையல்காரர் விடியும்போதே வந்து அடுப்பு மூட்டிவிட்டார். சிவப்பான ஆள், சின்னத் தொந்தி, யாரையும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். வாழையிலை காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். தொழிலாளிகள், அவர்கள் சொந்தபந்தம், நூறு பேருக்கு மேல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். பிள்ளைக்குப் புதுச்சட்டை. முத்துப்பேச்சியின் மாமியார் பெருமாயி வெற்றிலை மென்றுகொண்டு எல்லாரையும் அளந்துகொண்டிருந்தாள்.

பந்திக்குக் கூப்பிடப் போகிற நேரம். கருப்பம்மாள் வந்தாள். துவைத்த சேலை. கையில் அந்தக் கஞ்சிக் கரண்டி. யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் கொட்டகை வாசலுக்கு நட்டநடுவில் உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ கருப்பம்மா, பந்தியே இன்னும் போடல. எல எடுக்க அதுக்குள்ள என்ன அவசரம்? ஓரமா உக்காரு," என்றார் பெருமாள்சாமி.

"ஓரமா உக்காந்தா அது மறியல் இல்லீகளே தலைவரே."

"என்னது?"

"மறியல். ஒத்தக் கோரிக்கைதான். நான் ஆக்கணும்."

பெருமாள்சாமியின் வாய் திறந்தது, மூடவில்லை. அவர் மட்டுமா? நூறு பேரும் அப்படியே நின்றார்கள். மறியல் என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருத்தர் உட்கார்ந்தாலும், எதற்காக உட்கார்ந்தாலும். அந்தச் சத்தியம் எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

"நீயும் கை தூக்குனியே!" என்றார் பெருமாள்சாமி.

"தூக்குனது சங்கத்துக்கு. உக்காந்துருக்கது எனக்கு."

பெருமாயிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வெற்றிலையைத் துப்பினாள். "யாருடி இவ, வாசல் நெலையில குத்தவச்சுக்கிட்டு! தள்ளிட்டுப் போங்கடா. டேய் ஒச்சப்பா, தாண்டுடா!"

"ஆத்தா, பொகையில மேல சத்தியம் பண்ணிருக்கேன்," என்றான் ஒச்சப்பன். மூட்டை சுமக்கிற உடம்பு, குரல் மட்டும் எலிக்குரலாக வந்தது.

"பொகையிலையா? இதுக பூராத்துக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அதற்குள் பெருமாள்சாமி வாசலுக்கு வந்துவிட்டார். தலைவர் அல்லவா, நூறு பேர் பார்க்கிறார்கள். அவளுக்கு முன்னால் வந்து நின்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு வலதுகாலைத் தூக்கினார். தூக்கியே விட்டார்.

கருப்பம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தாண்டுங்க தலைவரே. தாண்டுனா யாரத் தாண்டுன மாதிரின்னு நீங்கதான் சொன்னீக."

கால் அந்தரத்தில் நின்றது. ஆறடி ஆள் கொக்கு மாதிரி நின்றதைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கால் மெதுவாகப் பின்னால் போய்த் தரையைத் தொட்டது.

உள்ளேயிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "ஏங்க, சாம்பார் ஆறுது. பந்திய விடுங்க. என்ன இது? நான் எப்பிடி வெளிய வாறது?"

"நீங்க வரலாம் சாமி," என்றாள் கருப்பம்மாள். "வெளிய வாரவுகள நாங்க மறிக்கிறதில்ல. உள்ள போறதத்தான்."

ஆரோக்கியம்மாளிடமிருந்து ஒரு சிரிப்பு புரையேறினது மாதிரி வெளியே வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் ஏறியது. காற்று மண்ணை வாரி வீசியது. உள்ளே கல்லையும் மீறி இலைகள் பறக்கிற சத்தம். சொந்தபந்தம் முணுமுணுத்தது. நாலைந்து குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. பெருமாயி நிறுத்தாமல் வைதாள், கருப்பம்மாளை, அப்புறம் மகனை, அப்புறம் மருமகளை. "பந்தல்ல பெத்தவளுக்குப் பந்தி ஒரு கேடா! வாடி, புள்ளயத் தூக்கிக்கிட்டு ஊருக்கு நட!"

முத்துப்பேச்சி நடந்தாள். ஊர்ப் பக்கம் இல்லை. வாசலுக்கு வந்தாள், பிள்ளையோடு கருப்பம்மாளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் கெழவி வையிற வசவுல எனக்குக் காது வலிக்குது," என்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க யக்கா. எடமே இல்ல."

கருப்பம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். பிள்ளை எட்டிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

பெருமாயி வாயில் இருந்த வசவு அப்படியே நின்றது. ஆரோக்கியம்மாள் வந்து உட்கார்ந்தாள். சுருளிவேல் உட்காரப் போனான். "நீ நில்லு, ஒனக்கு வேல இருக்கு," என்றாள் அவள்.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. முதலாளியோடு எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேச்சுவார்த்தை. பெருமாள்சாமி அவளுக்கு எதிரே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கோரிக்கைய முன்கூட்டியே எழுத்துல குடுக்கணும். அதான மொற?"

"எனக்கு ஏது எழுத்து? வாயாலதான் குடுத்தேன், அன்னைக்கு. நீங்கதான் எலை எடுக்கச் சொன்னீக."

அவர் மண்ணைக் கீறினார். "இப்ப கறிக்கு எங்க போறது? சைவம்னு முடிவு பண்ணி ஒரு துண்டு வாங்கல."

"கடையில என்ன இருக்குன்னு ஆள விட்டுப் பாருங்க. சோறு உள்ள வடிச்சது இருக்கட்டும். கொழம்பு நான் வைக்கிறேன்."

சுருளிவேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எந்தக் கறிக்கடையில் கறி இருக்கும்? குடல்தான் கிடைத்தது. மூன்று கடையிலும் மிச்சமிருந்த குடலையெல்லாம் வாளியில் கொண்டுவந்தான். நெஞ்செலும்பு கேட்டவளுக்குக் குடல். கருப்பம்மாள் வாளியைப் பார்த்துவிட்டு, "போதும்," என்று எழுந்தாள். மறியல் முடிந்தது.

வாசலுக்கு எதிரே, எல்லாரும் பார்க்க, வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டினாள். சங்கத்துக்காரப் பெண்கள் காற்றுக்கு மறைப்பாகச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன வருஷம் பிள்ளை பிறக்கப் பிடித்தார்களே, அதே மாதிரி. மசாலை அரைக்க ஆரோக்கியம்மாள் உட்கார்ந்தாள். குடல் வேகிற வாசம் ரோட்டுக்குப் போனது, திரும்பிப் போன குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது.

எல்லாரும் அன்றோடு மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய் நோட்டீஸ். சிலர் உள்ளே உட்கார்ந்து சாம்பாரை மட்டும் ஊற்றித் தலை குனிந்து சாப்பிட்டார்கள். பெருமாயி பச்சைத்தண்ணீர் தொடவில்லை, ஆனால் போகவும் இல்லை. பெருமாள்சாமி வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வயிறு அதற்கப்புறமும் பல வருஷம் சரியாகவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் குழம்பு வாங்கினார்கள், இரண்டாம் தடவையும் கேட்டார்கள். முத்துப்பேச்சி சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாள். காரம் தாங்காமல் பிள்ளை வீல் என்று கத்தியது.

கருப்பம்மாள் அதற்கப்புறமும் எட்டு வருஷம் அந்தக் கிட்டங்கியில் நரம்பு கிழித்தாள். கூட்டத்துக்கு வந்தால் அதே சுவரோரம்தான். கை தூக்கச் சொன்னால் முதலில் தீர்மானத்தை மறுபடியும் படிக்கச் சொல்வாள். தலைவர்கள் அவளுக்காகவே இரண்டு தடவை படிக்கப் பழகினார்கள்.

அந்தப் பிறந்தநாள் அன்றைக்குக் கடைசிப் பந்தியில்தான் அவள் உட்கார்ந்தாள். ஆரோக்கியம்மாள் இலை போட்டாள். குழம்பு தீர்ந்துவிட்டிருந்தது. சோறும், ரசமும், உள்ளே சமையல்காரர் வைத்த பாயசமும்தான் மிச்சம். அவள் பாயசத்தைக் கையில் வாங்கி நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"சீனி பத்தல," என்றாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரருக்குச் சுருக்கென்றது. அதுவரை அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசாதவர் அப்படியே ஈரக்கையோடு இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சீனி எங்கம்மா போட்டேன்? வெல்லம். ஒட்டன்சத்திரத்து வெல்லம்!"

"அதான் பத்தல சாமி. உப்பு ஒரு கல்லு போட்டிருந்தா வெல்லத்தத் தூக்கிக் குடுத்துருக்கும்."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் பாயசக் கரண்டி, இன்னொரு கையில் உப்புச் சிரட்டை. ஒரு கல் உப்பைக் கரண்டியில் போட்டுக் கலக்கி, ஊதி, தானே ஒரு வாய் குடித்தார்.

"ம்," என்றார். மிச்சத்தை அவள் இலையில் ஊற்றினார்.